ரோலர் நின்றது எதனால் என்றால்

எங்கள் தோட்டத்தில் சாவு வீடு என்றால் என்னைப் பின்வரிசையில்தான் உட்கார வைப்பார்கள். முன்னால் இருந்தால் ஏதாவது சொல்லித் தொலைப்பேன், அழ வந்தவர்கள் சிரித்துவிடுவார்கள் என்று பயம். காலையில் பெரட்டுக் களத்தில் ஆட்களைப் பிரித்து வேலைக்கு அனுப்புகிற நேரம் நான் அந்தப் பக்கம் போனால் கங்காணி கையெடுத்துக் கும்பிடுவார். "ஐயா, இன்னைக்கு ஒண்ணும் சொல்லிடாதீங்க. ஆளுங்க மலைக்குப் போகணும்." அப்படிப்பட்ட வாய் எனக்கு.

அந்த வாய்க்குப் பிறந்த ஒரே மகள், இரண்டே முக்கால் வயதாகியும் ஒரு வார்த்தை பேசவில்லை.

'அம்மா' என்று சொல்லவில்லை. 'அப்பா' என்று சொல்லவில்லை. எல்லாப் பிள்ளைகளும் முதலில் கற்றுக்கொள்கிற 'மாட்டேன்' கூட வரவில்லை. தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் அதே மாதம் பிறந்த பிள்ளைகள் எல்லாம் தெருவில் என்னைக் கண்டால் "டீமேக்கரு, டீமேக்கரு" என்று கத்திவிட்டு ஓடுகிற அளவுக்குத் தேறிவிட்டிருந்தன. என் மகள் அந்தக் கூட்டத்தின் நடுவில் நின்று சிரித்துக்கொண்டிருப்பாள், சத்தமில்லாமல்.

ஐம்பதுகளின் பிற்பாதி அது. தெமோதரை ஸ்டேஷனிலிருந்து மலைப்பக்கம் முக்கால் மணி நேரம் ஏறினால் எங்கள் தோட்டம். எனக்கு நாற்பது வயதில்தான் பிள்ளை பிறந்தது. நாற்பதில் பிறக்கிற பிள்ளைக்கு அப்பாவோடு சேர்த்து அப்பாவின் பயமும் இலவசமாகக் கிடைக்கும்.

என் மனைவி தோட்டத்து மருத்துவச்சி. லயத்துப் பிள்ளைகளில் பாதியை வெளியே எடுத்தவள் அவள்தான். "என் கையால வந்த புள்ளைங்க எல்லாம் பேசுது, நம்ம புள்ள மட்டும்..." என்று ஒருநாள் ஆரம்பித்தாள். முடிக்கவில்லை. அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று எழுந்து போய்விட்டாள். அடுப்பு எரியவே இல்லை.

நான் அப்போது சின்ன டீமேக்கர். தேயிலைத் தொழிற்சாலையை எங்கள் பக்கத்தில் ஸ்டோர் என்பார்கள். மாடியில் வதங்கிய கொழுந்து கீழே இறங்கியதும் அதை ரோலரில் போட்டுச் சுருட்டியெடுப்பது என் பொறுப்பு. நாலு ரோலர்கள், தலைக்கு மேலே ஓடுகிற பெல்ட்டுகள், பக்கத்து அறையில் என்ஜின். அந்த இரைச்சலுக்குள் ஒருவன் வாயால் பேசினால் அவன் வேலைக்குப் புதுசு என்று அர்த்தம். மற்றவர்களுக்குக் கைதான். முஷ்டியைத் தூக்கினால் நிறுத்து. விரலைச் சுற்றினால் ஓட்டு. உள்ளங்கையைக் கீழே அமுக்கினால் ரோலரின் மூடியை இறக்கி அழுத்து. மேலே உயர்த்தினால் மூடியைத் தூக்கு. மூடிய கையை மூக்குக்குக் கொண்டுபோனால் வாசம் வந்துவிட்டது, தயார், அடுப்புக்கு அனுப்பு என்று பொருள். பதினைந்து வருஷமாக நாளுக்குப் பத்து மணி நேரம் இந்தக் கைப்பேச்சு. வெளியே வந்ததும், அடைத்து வைத்த அத்தனை பேச்சையும் வழியில் சிக்கியவன் தலையில் கொட்டுவேன். ஊர் என்னைப் பற்றி நினைத்ததற்கெல்லாம் காரணம் அதுதான்.

வீட்டில் பிள்ளையைப் பார்த்துக்கொண்டவர், தோட்டத்துக்குக் கீழே உள்ள சிங்களக் கிராமத்துப் பெண். அவர் கணவருக்கு ரயில் பாதையில் கல் போடுகிற வேலை. சிங்களத்தில் அக்காவைக் கூப்பிடுவது போல நாங்கள் அவரை 'அக்கே' என்போம். ஐயா, அம்மா என்பது போல அவர் என்னை 'மாத்தயா' என்பார், என் மனைவியை 'நோனா' என்பார். பிரசவம் என்று ஆள் வந்தால் என் மனைவி கைப்பையைத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டும்; அதனால் அக்கே விடியற்காலையில் வந்து பொழுது சாயும் வரை இருப்பார். பிள்ளையிடம் சிங்களம். எங்களிடம் பாதி தமிழ், பாதி சிங்களம், மீதி சிரிப்பு. மகள் அவர் மடியில் கிடந்து ஓடைத் தண்ணீர் மாதிரி ஏதேதோ கூழாங்கல் சத்தம் போடுவாள். அதில் சொல் எதுவும் இருக்காது. ஆனால் சத்தம் இருந்தது. அதை நான் பிறகுதான் நினைத்துப் பார்த்தேன்.

ஒருநாள் ஸ்டோர் வாசல் படியில் தேத்தண்ணி குடிக்கும்போது பெரிய டீமேக்கர் கேட்டார்.

"உன் வீட்டுல என்ன பாஷய்யா ஓடுது?"

"நாங்க ரெண்டு பேரும் தமிழுங்க. அக்கே சிங்களம்."

"அதான்!" என்று தொடையில் தட்டினார். "ஒரே ரோலர்ல பிஞ்சுக் கொழுந்தையும் முத்தலையும் சேத்துப் போட்டா என்னாகும்?"

"பிஞ்சு நசுங்கிடும். முத்தல் சுருளாதுங்க."

"புள்ள மண்டையும் அப்படித்தான். ரெண்டு பாஷயும் உள்ள கெடந்து ஒண்ணையொண்ணு நசுக்குது. ஒண்ண நிறுத்திப்புடு."

அவருக்குப் பிள்ளை கிடையாது. ஆனால் தேயிலை விஷயத்தில் அவர் சொன்னது ஒருநாளும் தப்பியதில்லை. பயந்தவனுக்கு அது போதும்.

எந்தப் பாஷை இருக்கவேண்டும், எந்தப் பாஷை ஒதுங்கவேண்டும் என்று நாட்டில் பெரியவர்கள் அடித்துக்கொண்டிருந்த காலம். அதைப் பத்திரிகையில் படித்துப் படித்துக் கேலி செய்தவன் நான். மறுநாள் காலை என் வீட்டு அடுப்படியில் நானே ஒரு சட்டம் போட்டேன்.

அக்கே பிள்ளையின் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அக்கே, பாப்பாகிட்ட இனிமே சிங்களம் வேணாம்."

"வேணாமா, மாத்தயா?"

"கொஞ்ச நாளைக்குத்தான். தலைக்குள்ள ரெண்டும் குழம்புதாம்."

"அப்ப நான் தமிழ் பேசறது."

அங்கே நான் நிறுத்தியிருக்கவேண்டும். ஆனால் பயந்தவன் போடுகிற சட்டத்தில் எலி நுழைகிற ஓட்டை கூட இருக்காது.

"உங்க தமிழும் வேணாம் அக்கே. அதைப் புள்ள பிடிச்சுக்கிட்டா அப்புறம் திருத்த முடியாது. நல்ல தமிழ் மட்டும்தான் காதுல விழணும்."

துடைத்துக்கொண்டிருந்த கை ஒரு நிமிடம் நின்றது. பிறகு பிள்ளையின் காதுமடலைத் துடைத்தது. "ஹரி, மாத்தயா," என்றார். சரி என்று அர்த்தம். அதற்குப் பிறகு மூன்று வாரம் அந்த வீட்டில் அவர் பிள்ளையிடம் பேசவில்லை.

உள்ளேயிருந்து என் மனைவியின் குரல் மட்டும் வந்தது. "ஏங்க, 'மூணாம் ரோலரை ஸ்டாப் பண்ணி பெல்ட்டை அவுத்துட்டு வாரேன்'னு இப்பத்தானே யாருக்கோ சொல்லி அனுப்பினீங்க. அதுல நல்ல தமிழ் எதுங்க?"

"அவுத்துட்டு வாரேன்," என்றேன்.

"தூ," என்றாள்.

அந்த மூன்று வாரம் நான் செய்த காரியங்களை எழுத வெட்கமாக இருக்கிறது. அதனால் விவரமாகவே எழுதுகிறேன். சாயந்தரமானால் மகளைத் தேயிலைப் பெட்டி மேல் உட்கார வைத்து, பரீட்சைக்கு வந்த இன்ஸ்பெக்டர் மாதிரி எதிரே நிற்பேன். ஒரு பூவை நீட்டி, "பூ. சொல்லு. பூ" என்பேன். அவள் பூவைப் பார்ப்பாள், என்னைப் பார்ப்பாள். கடைசியில் பூவை வாங்கி என் சட்டைப்பையில் செருகிவிட்டு இறங்கிப் போய்விடுவாள். பரீட்சையில் தோற்றது யார் என்று எனக்கே சந்தேகம் வரும்.

வசம்பு உரசி நாக்கில் தடவினால் பேச்சு வரும் என்றார்கள். பிள்ளைக்குத் தடவுவதற்கு முன் என் நாக்கில் தடவிப் பார்த்தேன். அந்தக் காரத்திலும் கசப்பிலும் நாக்கு மரத்துப்போய் அன்று சாயந்தரம் முழுக்க நான் ஒரு வார்த்தை பேசவில்லை. தோட்டத்தில் பெரிய மழை வரப்போகிறது என்று ஆட்கள் விறகை உள்ளே எடுத்து வைத்தார்களாம்.

காது கேட்கிறதா என்று சோதிக்க அவளுக்குப் பின்னால் நின்று பித்தளைத் தட்டைக் கரண்டியால் ஓங்கி அடித்தேன். பூனை ஜன்னல் வழியாகப் பாய்ந்தது. பக்கத்துக் குவாட்டர்ஸில் தோட்டத்து ஆபீஸ் கிளாக்கர் வீட்டு அம்மா நெருப்புப் பிடித்துவிட்டது என்று வாளியோடு வந்தார். மகள் நிதானமாகத் திரும்பி, என்னைப் பார்த்து, முஷ்டியைத் தூக்கினாள். நான் அடிப்பதை நிறுத்தினேன். காது கேட்கிறது என்று நிம்மதியாகி உள்ளே போனேன். அவ்வளவு கெட்டிக்காரன் நான்.

சட்டத்தால் பேச்சு வரவில்லை. இருந்த சத்தமும் போயிற்று. மத்தியானங்களில் தலை வாரும்போது அக்கேயின் மடியில் கேட்கிற அந்தக் கூழாங்கல் சத்தம் முதலில் குறைந்தது, பிறகு நின்றே போனது. ஒருநாள் என் மனைவி பிரசவம் பார்த்துவிட்டு நடுப்பகலில் வந்திருக்கிறாள். பின்கட்டுப் படியில் அக்கேயும் பிள்ளையும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்களாம். வீடு அத்தனை அமைதி. "ரெண்டும் கையை ஆட்டி ஆட்டி என்னமோ விளையாடுதுங்க," என்றாள். "ஆனா ஒரு சத்தம் இல்லீங்க. யாரோ தூங்கற வீட்டுல விளையாடற மாதிரி."

ஆட்களைச் சிரிக்க வைக்கிற பகிடி விடுவதை நான் நிறுத்தினேன். ரோலர்காரர்களில் ஒருவன் என் பக்கத்தில் வந்து, "ஐயா, நாங்க ஏதும் தப்பு செஞ்சோமா?" என்று கேட்டான்.

பதுளைக்குப் போய் டொக்டரிடம் காட்டுவது என்று முடிவானது. புறப்படுகிற காலையில் தோட்டத்துக் கீழ் டிவிசனில் ஒரு பெண்ணுக்கு வலி கண்டுவிட்டது. என் மனைவி ஒரு காலில் செருப்பு, மறு காலில் இல்லை என்கிற நிலையில் நின்றாள். "நீங்க அக்கேயைக் கூட்டிக்கிட்டுப் போங்க. டொக்டர் கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க, கதை சொல்லாதீங்க," என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

அக்கே வெள்ளை ரவிக்கை போட்டுக்கொண்டு, கோயிலுக்குப் போகிறவர் மாதிரி வந்தார். ரயிலில் பிள்ளை அவர் மடியில் ஜன்னலோரம். சட்டம் அமலில் இருந்ததால் அக்கே வாய் திறக்கவில்லை. ஹாலிஎலவில் ரயில் நின்றபோது மகள் முஷ்டியைத் தூக்கினாள். புறப்பட்டபோது விரலைச் சுற்றினாள். ரயிலுக்கே உத்தரவு போடுகிறாள் பார் என்று ஒரு கணம் பெருமைப்பட்டேன். பிறகு மறுபடி கவலைப்படப் போய்விட்டேன்.

டொக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். வெளியே இருமலும் காய்ச்சலுமாக முப்பது பேர் காத்திருந்தார்கள். அவருக்கு என் முகத்தைப் பார்க்கவே நேரமில்லை.

"பிள்ளைக்கு எத்தினை வயசு?"

"ரெண்டே முக்காலுங்க."

"காது கேக்குதோ?"

"தட்டைத் தட்டிப் பார்த்தேனுங்க. பூனை ஓடிப்போச்சு."

"நான் பூனையைக் கேக்கேல்லை."

கதை சொல்லாதீங்க என்று மனைவி சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

அவர் குழாயைக் காதில் மாட்டிக்கொண்டு பிள்ளையின் நெஞ்சில் வைக்கப் போனார். அவள் முஷ்டியைத் தூக்கினாள். அவர் கை அப்படியே நின்றது. நான் நாற்காலியில் இருந்தபடியே உள்ளங்கையைக் கீழே இரண்டு தரம் அமுக்கினேன். மகள் என்னைப் பார்த்தாள். முஷ்டியை இறக்கினாள், நெஞ்சை நிமிர்த்திக் காட்டினாள்.

டொக்டர் அவள் கையைப் பார்த்தார். பிறகு என் கையைப் பார்த்தார்.

"இப்ப என்ன சொன்னனீங்கள்?"

"நானா? நான் வாயே திறக்கலீங்களே."

"வாயைச் சொல்லேல்லை. கையாலை ஏதோ சொன்னியள். பிள்ளை கேட்டுது."

அவர் குழாயை வைக்காமல் இப்படி என்னோடு பேசிக்கொண்டிருந்தது மகளுக்குப் பொறுக்கவில்லை. அவரைப் பார்த்து விரலைச் சுற்றினாள்.

"இது எனக்கோ? என்னவாம்?"

"ஓட்டுன்னு சொல்லுதுங்க. நிறுத்தாம வேலையைப் பாருங்கன்னு..."

சொல்லி முடித்த பிறகுதான் நான் சொன்னது என் காதில் விழுந்தது.

டொக்டர் குழாயைக் கழற்றி மேசையில் வைத்தார். அக்கே பக்கம் திரும்பி, பிள்ளை பகல் முழுக்க வீட்டில் என்ன செய்கிறது என்று சிங்களத்தில் கேட்டார். அக்கே என்னைப் பார்த்தார். பேசலாமா என்று கேட்கிற பார்வை. நான் பதிலுக்கு விரலைச் சுற்றினேன். அதுவும் பிறகுதான் உறைத்தது.

அக்கே டொக்டரிடம் சிங்களத்தில் சொன்னார். பிறகு எனக்கும் புரியவேண்டும் என்று தமிழில் சொன்னார்.

"மாத்தயா சிங்களம் வேணாம் சொன்னது. என்னோட தமிழும் வேணாம் சொன்னது. நல்ல தமிழ் மட்டும் பேசணும் சொன்னது. அதுதான் நான் மாத்தயாவோட தமிழ் பேசினது."

மடியில் இருந்த கைகளை எடுத்துக் காட்டினார். முஷ்டி. சுற்றுகிற விரல். உயர்கிற உள்ளங்கை. மூக்குக்குப் போகிற மூடிய கை. ஒவ்வொன்றையும் பள்ளிக்கூடத்தில் ஒப்புவிப்பது போல, பிழை வந்துவிடக் கூடாது என்கிற கவனத்தோடு காட்டினார்.

"மாத்தயாவும் நோனாவும் வீட்டில பாப்பாகிட்ட பேசற தமிழ் இதுதானே?"

டொக்டர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

நான் வீட்டுக்குள் நுழைகிற காட்சியை முதல்முறையாக வெளியே நின்று பார்ப்பது போல் பார்த்தேன். ஸ்டோரிலிருந்து வரும் வழியெல்லாம் பேசி, லயத்து முனையில் சிரிக்க வைத்து, கடை வாசலில் சிரிக்க வைத்து, குவாட்டர்ஸ் படியேறும்போது காதுக்குள் ரோலர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். வாய் களைத்திருக்கும். செருப்போடு அதையும் வாசலில் கழற்றிவிடுவேன். மகள் ஓடி வந்தால் உள்ளங்கையை உயர்த்துவேன்: தூக்கவா? அவளும் உயர்த்துவாள். மனைவியைப் பார்த்து மூடிய கையை மூக்குக்குக் கொண்டுபோவேன்: சோறு ஆகிவிட்டதா? அவளும் எனக்குச் சாப்பாடு கொண்டுவந்து கொண்டுவந்து ஸ்டோர் பாஷையைப் பிடித்துக்கொண்டவள். தானும் களைத்து வந்தவள். முஷ்டியைத் தூக்குவாள்: இன்னும் இல்லை, பொறுங்கள். தோட்டத்திலேயே பெரிய வாய்க்காரன் வீட்டில் இரண்டு வருஷமாக ரோலர் ரூம் நடந்திருக்கிறது. அங்கே வாயால் பேசிய ஒரே ஆள் அக்கே. அவர் வாயைத்தான் நான் அடைத்தேன்.

டொக்டர் என்னைக் கைகளைக் கட்டிக்கொள்ளச் சொன்னார். கையில்லாமல் வாயால் மட்டும் ஏதாவது சொல்லச் சொன்னார். "அக்கேயோட குடையை எடுத்துட்டு வாம்மா," என்றேன். என் குரல் எனக்கே யாருடையதோ போல இருந்தது. மகள் குடையை எடுத்து வந்தாள். அக்கே சிங்களத்தில், அந்தச் செருப்பை அப்பாவுக்குக் கொண்டுபோய்க் கொடு என்றார். மகள் என் செருப்பைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். எனக்குக் கொடுக்கவேண்டியது செருப்புதான் என்று அக்கேக்கு எப்படித் தோன்றியதோ.

"காது நல்லம். ரெண்டு பாஷையும் உள்ளுக்குப் போயிருக்கு. வெளியிலை வரேல்லை," என்றார் டொக்டர். "ஒண்டை நிப்பாட்டச் சொன்னது ஆர்?"

"எங்க பெரிய டீமேக்கருங்க."

"அவர் தேத்தண்ணியைப் பாக்கட்டும். இந்த மனுசி தன்ரை பாஷையிலை கதைக்கட்டும். நீங்கள் உங்கடை பாஷையிலை கதையுங்கோ. கையை நிப்பாட்ட வேண்டாம். கையோட சொல்லையும் சேருங்கோ. பிள்ளை எதைப் பாக்குதோ அதைப் பற்றிக் கதையுங்கோ. சொல்லிப்போட்டுக் கொஞ்சம் பொறுங்கோ. பரீட்சை வைக்காதேங்கோ."

"பேச்சு வந்துடுங்களா?"

"சத்தியம் பண்ண ஏலாது. ஆறு மாசம் பாப்பம். வராட்டி கொழும்புக்கு எழுதித் தாறன்." அடுத்த இருமல் உள்ளே வந்துவிட்டது.

பதுளை ஸ்டேஷன் பெஞ்சில் ரயிலுக்குக் காத்திருந்தோம். மகள் கடலை உரித்துத் தோலை என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டிருந்தாள். வாழ்நாளில் முதல் தடவையாக எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது என்று தெரியாமல் தவித்தேன். கடைசியில் எனக்குத் தெரிந்த சிங்களத்தை எல்லாம் கூட்டிப் பெருக்கி, "அக்கே, சமாவென்ன," என்றேன். மன்னியுங்கள் என்று சொன்னதாக நினைப்பு.

அக்கே என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மாத்தயா, பாப்பா முன்னால சிங்களம் பேச வேணாம். பாப்பா பிடிச்சிக்கிட்டா அப்புறம் திருத்த முடியாது."

சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சிரித்து முடித்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டார். ரயிலேறியதும் பிள்ளையை ஜன்னலுக்குத் திருப்பி, மூன்று வாரச் சேமிப்பை அவிழ்த்துவிட்டார். பாலம், வயல், மாடு, தண்ணீர், துணி காயப்போடுகிற பெண் எல்லாவற்றையும் சிங்களத்தில் காட்டிச் சொல்லிக்கொண்டே வந்தார். தெமோதரையில் இறங்குகிறபோது அவர் குரல் கம்மிப் போயிருந்தது.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அமைதி என்பது ஒழிந்தது. மகள் உள்ளங்கையை உயர்த்தினால் நான் "தூக்கணுமா? அப்பா தூக்கறேன், தூக்கு" என்பேன். அக்கே தன் முறைக்கு "உஸ்ஸன்னத?" என்பார். காலைக் கழுவும்போது காலைப் பற்றிப் பேசினேன். சோப்பு நழுவினால் சோப்பைப் பற்றிப் பேசினேன். "ஏங்க, அந்த ரேடியோவைக் கொஞ்சம் குறைங்க," என்பாள் மனைவி. ஆனால் அவளும் இப்போது முஷ்டியைத் தூக்கும்போது, "பொறும்மா, சோறு சுடுது," என்று சேர்த்துச் சொல்வாள்.

பேசுவது எனக்குச் சுலபம். பொறுப்பதில்தான் உயிர் போனது. ஒன்றைச் சொல்லிவிட்டு, பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு, சும்மா இருக்கவேண்டும். நாலு பேர் கூடிய இடத்தில் ஒரு இடைவெளி விழுந்தால் உடனே அதில் ஒரு பகிடியைத் தூக்கிப் போடுகிறவன் நான். ஆனால் எனக்கும் ஒரு பொறுமை உண்டு. பகிடியைச் சொல்லிவிட்டுச் சிரிப்பு வருகிற வரை நிற்கிற அந்த ஒரு நொடி. அதை நீட்டிப் பழகினேன். மகள் என் வாயைப் பார்ப்பாள். அவள் உதடு லேசாகக் கூடும். பிறகு விரிந்து சிரித்துவிடும்.

இரண்டாம் மாதம் அந்தக் கூழாங்கல் சத்தம் திரும்பி வந்தது. நானும் மனைவியும் கதவுக்குப் பின்னால் நின்று, திருடர்கள் மாதிரி, அதைக் கேட்டோம். மூன்று, நாலு, ஐந்து மாதமாயிற்று. சத்தம் இருந்தது; சொல் இல்லை. கொழும்புக்குப் போக யாரிடம் தங்குவது என்று மனைவி விசாரிக்கத் தொடங்கினாள். நான் காலண்டர் இருக்கிற சுவரைப் பார்ப்பதைத் தவிர்த்தேன்.

ஆறாவது மாதம் ஒரு மத்தியானம், மனைவி வேலையாக இருந்ததால் அக்கேயே எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தார். இடுப்பில் பிள்ளை. ரோலர் ரூம் வாசலில் நின்றார்கள். நாலு ரோலரும் முழு வேகத்தில் ஓடுகின்றன. பொறுங்கள், வருகிறேன் என்று கைகாட்டினேன். மகளும் கைகாட்டுவாள் என்று பார்த்தேன்.

அவள் கை அக்கேயின் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தது. உதடு அசைந்தது.

மெல்லுகிறாளா என்று பார்த்தேன். இல்லை. மறுபடி அசைந்தது. அக்கே சட்டென்று தலையைத் திருப்பி அவள் வாய்க்கு அருகே காதைக் கொண்டுபோனார். அவருக்கும் கேட்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது.

நான் முஷ்டியைத் தூக்கினேன். ஒரு ரோலரைப் பார்த்தல்ல, நாலையும் பார்த்து. ஆட்கள் திகைத்தார்கள். வேலை நடுவில் நாலு ரோலரும் ஒன்றாக நின்றதை அந்த ஸ்டோரில் யாரும் பார்த்ததில்லை. பெல்ட்டுகள் தளர்ந்து, ஒவ்வொன்றாக முனகி நின்றன. யாருடைய கை மாட்டிக்கொண்டது என்று எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு எல்லாரும் என் மகளைப் பார்த்தார்கள்.

அவள் பயந்து அக்கேயின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

பதினைந்து வருஷத்தில் அந்த அறையில் விழுந்த முதல் பகல் அமைதி. எனக்கு என்னவெல்லாமோ சொல்ல வந்தது. சொல்லும்மா என்று கெஞ்ச வந்தது. ஒரு பகிடி கூட நாக்கு நுனி வரை வந்தது. ஒன்றும் சொல்லவில்லை. பொறுத்தேன். அப்படிப் பொறுத்ததுதான் என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே கஷ்டமான வேலை.

மெல்ல முகம் வெளியே வந்தது. நின்ற ரோலரைப் பார்த்தது. அக்கேயைப் பார்த்து விரலைச் சுற்றினாள்.

"தவ," என்றாள்.

சிங்களத்தில், இன்னும் வேண்டும் என்று அர்த்தம். குரல் சின்னதாக, கொஞ்சம் கரகரப்பாக இருந்தது. அக்கேயின் வாய் திறந்தபடியே நின்றது.

பிறகு என் பக்கம் திரும்பினாள். நான் அசையாமல் நின்றதைப் பார்த்து எனக்குப் புரியவில்லை என்று நினைத்தாளோ என்னவோ. அதே விரலைச் சுற்றினாள். பொறுமையாக, மந்தமான பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னாள்.

"இன்னும்."

இரண்டும் உள்ளே கிடந்து நசுங்கவில்லை. இந்த முகத்துக்கு இது, அந்த முகத்துக்கு அது என்று தனித்தனியாக அடுக்கி வைத்திருந்திருக்கிறாள். குழம்பிப் போயிருந்தவன் நான் மட்டும்தான்.

அடுப்பு அறையிலிருந்து பெரிய டீமேக்கர் ஓடிவந்தார். "ஏன்யா எல்லாம் நின்னுபோச்சு? பெல்ட் அறுந்துச்சா? யாருக்காவது அடியா? வாயைத் தொறந்து சொல்லேன்யா!"

வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. சாவு வீட்டில் பின்வரிசையில் வைக்கிற வாய் அது. கடைசியில் கையை மூடி மூக்குக்குக் கொண்டுபோனேன்.

அவர் என்னைப் பார்த்தார், ரோலரைப் பார்த்தார், இன்னும் விரலைச் சுற்றிக்கொண்டிருந்த பிள்ளையைப் பார்த்தார். "தவ! தவ!" என்று அவள் அவரையும் அதட்டினாள், அவர் எந்தப் பாஷைக்காரர் என்று இன்னும் முடிவு செய்யவில்லை போலிருக்கிறது. பெரிய டீமேக்கர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். பிறகு ஆட்கள் பக்கம் திரும்பி, தானும் விரலைச் சுற்றினார்.

ரோலர்கள் ஓடத் தொடங்கின. என் மகள் கைதட்டினாள். அக்கேயின் இடுப்பிலிருந்து என் பக்கம் சாய்ந்து, வாயை அகலத் திறந்து, என்னிடம் மேலும் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தாள். அந்த இரைச்சலில் ஒரு எழுத்து கூட எனக்குக் கேட்கவில்லை.

அவளை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, அக்கே சாப்பாட்டுக் கூடையோடு பின்னால் வர, கேட்கிற தூரம் வரை வெளியே நடந்தேன்.